சூம் வகுப்பில் பிள்ளைகளின் சத்தமே இல்லை: என்ன செய்யலாம்?

பருத்தித்துறைப் பக்கமிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறா. தரம் 10, 11 பிள்ளைகளுக்கு இரவு ஏழு மணிக்கு சூமில் விஞ்ஞானம் எடுக்கிறாவாம். முப்பது பேரளவில் வருகிறார்கள். கமெரா எல்லாம் மூடி. "விளங்குதோ பிள்ளையள்?" என்று கேட்டால் வழக்கமான ஒன்றிரண்டு குரல் "ஓம் ரீச்சர்" என்கிறது. மிச்சப் பேர் இருக்கிறார்களோ, போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்களோ தெரியாது. ஸ்லைட்டுகளை வடிவாகச் செய்து பார்த்தா, யூரியூப் வீடியோ போட்டுப் பார்த்தா, கஹூட் என்ற ஒன்லைன் வினாவிடைப் போட்டியும் வைத்துப் பார்த்தா. இரண்டு மூன்று வகுப்புக்குக் கலகலப்பு, பிறகு பழையபடி. கமெராவைக் கட்டாயமாக்கலாமா, வகுப்பைப் பதிவுசெய்து குழுவில் போடலாமா என்று இரண்டு கேள்விகள் வேறு.

நானும் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தான் ரீச்சர். நேரே விசயத்துக்கு வருகிறேன். உங்கள் வகுப்பில் குறைவது கலகலப்பு இல்லை. பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை இல்லை, அவ்வளவுதான். ஏழு மணியிலிருந்து நீங்கள் கதைக்கிறீர்கள், படம் காட்டுகிறீர்கள், எழுதுகிறீர்கள். அந்த நேரம் முழுக்கப் பிள்ளை கொப்பியைத் திறக்காமலே இருந்தாலும் வகுப்பு ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்து முடியும். பள்ளிக்கூடத்தில் இது நடக்காது. அங்கே பின்வாங்கில் ஒருவன் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியும், நீங்கள் நடந்து போய்ப் பக்கத்தில் நின்றாலே அவன் பேனையை எடுப்பான். சூமில் அந்தக் கண்ணும் இல்லை, நடையும் இல்லை. அந்த இடத்தை நாங்கள் இன்னும் கொஞ்சம் கதைத்து நிரப்பப் பார்க்கிறோம்.

ஆகவே நான் பிடித்துக்கொண்டிருக்கிற விதி ஒன்றே ஒன்று: நாலு ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கால் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது எழுத வேண்டும், எழுதியதில் ஒரு துண்டாவது என் கண்ணுக்கு வர வேண்டும். மென்பொருள், விளையாட்டு, ஸ்லைட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் "விளங்குதோ?" என்ற கேள்வியைக் கைவிடுங்கள். அதற்குப் பிள்ளை சொல்லக்கூடிய பாதுகாப்பான பதில் "ஓம்" மட்டும்தான். "இல்லை" என்றால் முப்பது பேருக்கு முன்னால் தான் மொக்கு என்று ஒப்புக்கொள்வதாக நினைக்கும். அதோடு, விளங்காத பிள்ளைக்குத் தனக்கு விளங்கவில்லை என்பதே பல நேரம் தெரியாது. அதற்குப் பதிலாக, விளங்கியிருந்தால் மட்டும் சரியாகச் சொல்லக்கூடிய ஒரு சின்னக் கேள்வியைப் போடுங்கள். சாதாரண தரப் பரீட்சையின் பகுதி ஒன்றைப் போல நாலு விடை கொடுத்து, சூமின் சற் (chat) பெட்டியில் 1, 2, 3, 4 என்று இலக்கம் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். இலக்கம் என்றால் தமிழ்க் கீபோர்ட் பிரச்சினை இல்லை, எழுத்துப் பிழை வெட்கம் இல்லை, சிக்னல் மெதுவான பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

இதில் ஒரு சின்ன அமைப்பு எல்லாவற்றையும் மாற்றும். சூமின் சற் பெட்டியில் பங்கேற்பவர்கள் யாருக்கு எழுதலாம் என்று தெரிவுசெய்கிற இடம் இருக்கிறது. அதை ஹோஸ்ற்றுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். இனிப் பிள்ளை அனுப்புகிற விடை உங்களுக்கு மட்டும் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளை முதலில் "3" என்று போட, பின்னால் இருபத்தைந்து பேரும் "3", "3" என்று போடுகிற கூத்து அதோடு முடிந்தது. வாய் திறக்கவே மாட்டாது என்று நீங்கள் நினைத்த பிள்ளை எழுதத் தொடங்கும். சில பிள்ளைகள் விடையோடு சேர்த்து "ரீச்சர் போன பாடமும் விளங்கேல்ல" என்று அனுப்பும். பள்ளிக்கூட வகுப்பில் அந்த வசனத்தை நீங்கள் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டீர்கள். நேரடி வகுப்பை விட ஒன்லைன் வகுப்பு மேலாக இருக்கிற ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன், அதைத்தான் நாங்கள் ஆகக் குறைவாகப் பயன்படுத்துகிறோம்.

விடை அனுப்பாத பேர்களையும் அந்தப் பெட்டியே காட்டிக்கொடுக்கும். அவர்களை அந்த இடத்திலேயே பேர் சொல்லிக் கேட்க வேண்டாம். "இன்னும் நாலு பேற்ற விடை வரேல்ல, பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றால் போதும். இரண்டு பேராவது உடனே அனுப்புவார்கள். மற்றவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி: "கேக்குதோ? சிக்னல் பிரச்சினையோ?" திட்டு வேண்டாம். உண்மையிலேயே சிக்னல் பிரச்சினையாக இருக்கலாம். நெடுந்தீவிலோ காரைநகர்க் கரையிலோ இருக்கிற பிள்ளைக்கு மழை இருட்டினால் இணைப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி கேட்டபிறகு பொறுத்திருங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் விஞ்ஞான வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, கதைக்காத பிள்ளைகள் கதைத்தார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. அது நேருக்கு நேர் வகுப்பு. சூமில் சத்தம் போய்ச்சேரவே நேரம் எடுக்கும், மைக்கைத் திறக்க இன்னும் கொஞ்சம், சொல்லலாமோ என்று யோசிக்க இன்னும் கொஞ்சம். பத்துச் செக்கன் கூட இங்கே குறைவு. எழுதுகிற கேள்வி என்றால் ஒரு நிமிசம் முழுதாக விடுங்கள். அந்த அமைதி ஆசிரியருக்குத்தான் அந்தரமாக இருக்கும். வாயை அடக்கிக்கொள்ள நானே ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: கேள்வியைச் சொன்னதும் என் மைக்கை மூடிவிட்டு ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கிறது.

ஒரு பாடத்தை முழுதாகக் காட்டினால் நான் சொல்வது தெளியும். தரம் 10இல் நீர்நிலையியல் அமுக்கம், அதோடு மேலுதைப்பு (தண்ணீர் ஒரு பொருளை மேலே தள்ளுகிற விசை), ஆக்கிமிடிசின் தத்துவம் வரும். வழக்கமாக என்ன செய்வோம்? வரைவிலக்கணத்தைச் சொல்லி, ஒரு படம் கீறி, இரண்டு கணக்குச் செய்து, "விளங்குதோ?"

இப்படிச் செய்து பாருங்கள். முதல்நாள் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: "நாளைக்கு வகுப்புக்கு வரேக்க ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒண்டு மேல்பக்கம் வெட்டினது, கழுவின யோகட் கப் ஒண்டு, முத்தத்தில பொறுக்கின சின்னக் கருங்கல்லு கொஞ்சம், ஒரு ரப்பர் பாண்ட், கொஞ்சத் தண்ணி." வேறொன்றும் சொல்ல வேண்டாம். ஏன் என்று கேட்டால் "வாங்கோ, பாப்பம்" என்று விடுங்கள். பிள்ளை சாமானோடு மேசையில் வந்து இருக்கிறதே பாதி வெற்றி. கட்டிலில் படுத்திருந்து கேட்க முடியாது பாருங்கள்.

வகுப்பு தொடங்கியதும் படத்தைக் கீறுங்கள்: போத்தலில் முக்கால்வாசிக்குத் தண்ணீர், அதில் யோகட் கப் மிதக்கிறது, கப்புக்குள் கற்கள். தண்ணீர் நிற்கிற மட்டத்தில் வெளிப்பக்கமாக ரப்பர் பாண்ட். இனிக் கேள்வி: கற்களைக் கப்பிலிருந்து எடுத்து அதே தண்ணீருக்குள் போடுகிறோம், வெறும் கப்பைத் திரும்ப மிதக்க விடுகிறோம். தண்ணீர் மட்டம் (1) கூடும் (2) குறையும் (3) மாறாது (4) கல்லின் அளவைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்யலாம். இன்னும் ஒருவரும் செய்து பார்க்கக் கூடாது. ஒரு நிமிசம். கொப்பியில் விடையும், ஏன் என்று ஒரு வரியும். பிறகு இலக்கத்தை எனக்கு அனுப்புங்கள்.

விடைகள் சிதறும். "மாறாது" என்பதற்கு நிறையப் பேர் இருப்பார்கள், ஏனென்றால் கல்லும் கப்பும் முதலும் தண்ணீரில்தான் இருந்தன, இப்போதும் தண்ணீரில்தான் இருக்கின்றன. "கூடும்" என்பவர்களுக்கும் காரணம் இருக்கும்: கல்லைத் தண்ணீருக்குள் போட்டால் தண்ணீர் எழும்பும் என்று காகக் கதையிலிருந்தே தெரியும். சரியான விடையை இப்போது சொல்லாதீர்கள். இதில்தான் கட்டுப்பாடு வேண்டும். இரண்டு எதிர் எதிரான காரணங்களை, பேரைச் சொல்லாமல், வாசித்துக் காட்டுங்கள். "ஒராள் இப்பிடிச் சொல்லுறார், இன்னொராள் அப்பிடிச் சொல்லுறா. ஆர் சரி?" பிறகு இரண்டாம் தரம் வாக்கு. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிற எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து விரிவுரை மண்டபத்தில் செய்துவந்தது இந்த ஒழுங்கைத்தான்: கேள்வி, தனியாக விடை, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், திரும்ப விடை, அதற்குப் பிறகுதான் விளக்கம். தான் ஒரு பக்கம் வாக்குப் போட்டுவிட்டால் முடிவைத் தெரியாமல் பிள்ளைக்கு இருக்க ஏலாது.

இனிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மைக்குகளைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம், "அம்மா அங்கால போங்கோ" என்ற சத்தம், ஒரு கப் கவிழ்கிற சத்தம் எல்லாம் வரும். பிறகு எங்கேயோ ஒரு மூலையிலிருந்து "ரீச்சர், இறங்கிட்டுது!" என்று ஒரு குரல். மட்டம் ரப்பர் பாண்டுக்குக் கீழே போயிருக்கும், அரைச் சென்ரிமீற்றர் அளவில். வடிவாகக் கண்ணுக்குத் தெரியும்.

காரணத்தைச் சொல்ல இப்போது ஐந்து நிமிசம் காணும், ஏனென்றால் அவர்களே கேட்பார்கள். 54 கிராம் கல் கப்போடு மிதக்கும்போது தன் நிறைக்குச் சமமான நீரை, அதாவது 54 கன சென்ரிமீற்றர் நீரை, இடம்பெயர்க்கிறது. அதே கல் அடியில் கிடக்கும்போது தன் கனவளவை மட்டுமே இடம்பெயர்க்கும். கருங்கல்லின் அடர்த்தியை கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம் என்று எடுத்தால் அது 20 கன சென்ரிமீற்றர். மிச்சம் 34 கன சென்ரிமீற்றர் அளவுக்கு மட்டம் இறங்கத்தான் வேண்டும். அடுத்ததாக "கல்லுக்குப் பதிலா அதே நிறையில இரும்பு நட்டுகள் போட்டா, கூட இறங்குமோ குறைய இறங்குமோ?" என்று கேட்டு இலக்கம் வாங்குங்கள். கூட இறங்கும் என்று பெரும்பாலும் எல்லோருமே போடுவார்கள். அந்த நேரத்தில் "விளங்குதோ?" என்று கேட்கத் தேவையே வராது.

ஒவ்வொரு நாளும் போத்தலும் கப்பும் கொண்டு வரச்சொல்ல முடியாதுதான். கணிதம் என்றால் ஒரு பிழையான செய்கையைக் காட்டி எத்தனையாம் வரியில் பிழை என்று கேட்கலாம்; விடை ஒரு இலக்கம்தான். வரலாறு என்றால் ஐந்து சம்பவங்களை இலக்கமிட்டுக் கொடுத்து, காலவரிசைப்படி அடுக்கி அனுப்பச் சொல்லலாம். தமிழ் இலக்கியம் என்றால் பாட்டை விளக்குவதற்கு முன்னம் "இதில கதைக்கிறது ஆர், ஆரோட?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிசம் பொறுக்கலாம். எந்தப் பாடமானாலும் விளக்கத்துக்கு முன்னால் பிள்ளை ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் சங்கதி.

நீண்ட விடை வேண்டிய கேள்விகளுக்கு வட்ஸ்அப் படம் நல்லது. கணக்கைக் கொப்பியில் செய்து படம் எடுத்து உங்கள் இலக்கத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், குழுவுக்கு வேண்டாம். முப்பது படத்தையும் அந்த நேரத்திலேயே திருத்த வெளிக்கிட்டால் வகுப்பு நின்றுவிடும். மூன்றை மட்டும் எடுங்கள்: சரியானது ஒன்று, பலர் விடுகிற பிழை உள்ளது ஒன்று, வேறு வழியில் போனது ஒன்று. பேர் தெரியாமல் திரையில் காட்டி, "இதில என்ன நல்லாயிருக்கு, எங்க சறுக்கியிருக்கு?" என்று கேளுங்கள். தன்னுடைய எழுத்துத் திரையில் வருமோ என்ற எதிர்பார்ப்பில் பிள்ளைகள் கொப்பியை வடிவாக எழுதத் தொடங்குவார்கள், அது வேறொரு இலாபம். மிச்சப் படங்களுக்கு இரவு ஒரு சரி அடையாளம் போட்டுவிட்டால் போதும். பார்த்தேன் என்று தெரிந்தால் சரி, ஒவ்வொன்றுக்கும் கட்டுரை எழுதத் தேவையில்லை.

ஸ்லைட்டுகளைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. சாதாரண தரப் பிள்ளைக்குப் பவர்பொயின்ற் கெடுதல் என்றே சொல்வேன். எல்லாம் முதலே எழுதி முடிந்து வந்து நிற்கிறது. பிள்ளை திரையைப் படம் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடும். இரண்டு புத்தக அடுக்குக்கு மேலே ஒரு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து, அதில் போனைக் கவிழ்த்துப் படுக்க வைத்து, கீழே வெள்ளைத் தாளில் மார்க்கரால் எழுதுங்கள். போனிலிருந்தும் ஒரு தரம், கணினியிலிருந்தும் ஒரு தரம் சூமுக்குள் வந்தால் சற்றையும் பார்த்துக்கொள்ளலாம். போனின் சத்தத்தை மட்டும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் மாதிரிக் கூவும். கை எழுதுகிற வேகம் பிள்ளை எழுதுகிற வேகத்துக்குக் கிட்ட. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 இலட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட தரவுகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்விலும், ஸ்லைட்டுகளை விடக் கையால் எழுதிக்கொண்டே விளக்குகிற வீடியோக்களோடுதான் மாணவர்கள் கூட நேரம் இருந்தார்கள். அதே ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருகிற அளவு) ஆறு நிமிசத்தைத் தாண்டவில்லை. பதிவுசெய்த வீடியோவுக்கான முடிவு அது. ஆனால் நிறுத்தாமல் நாற்பது நிமிசம் கதைக்கிற சூம் வகுப்பும் பிள்ளைக்கு ஒரு வீடியோதான்.

கஹூட்டை முற்றாக விடச் சொல்லமாட்டேன். ஆனால் அதில் வழக்கமாகக் கெதியாக அமத்துகிறவருக்குக் கூடப் புள்ளி. பைபர் இணைப்புள்ள வீட்டுப் பிள்ளையும், டேட்டா காட் போட்டு முற்றத்து மாமரத்துக்குக் கீழே சிக்னல் தேடி நிற்கிற பிள்ளையும் ஒரே போட்டியில். இரண்டாம் பிள்ளை சரியான விடையோடு பின்னுக்கு நிற்கும், இரண்டு கிழமையில் மனம் விட்டுவிடும். வைப்பதானால் தவணைக் கடைசியில் ஒரு பம்பலுக்கு வையுங்கள்.

இனிக் கமெரா. கட்டாயமாக்காதீர்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 2020இல் மாணவர்களிடம் ஏன் கமெராவை மூடுகிறீர்கள் என்று கேட்டபோது, தன் தோற்றத்தைப் பற்றிய கூச்சம், பின்னால் வீட்டார் தெரிவது, இருக்கிற இடம் தெரிவது, இணைப்பு மெதுவாக இருப்பது என்றெல்லாம் காரணங்கள் வந்தன. அமெரிக்க மாணவருக்கே அப்படி. ஒரே அறையில் தம்பி பாடமாக்க, அப்பம்மா படுத்திருக்க, பின்னால் கொடியில் உடுப்புத் தொங்க இருந்து படிக்கிற எங்கள் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அடுத்தது காசு. எல்லோருடைய வீடியோவும் ஓடினால் சூம் மணித்தியாலத்துக்கு அண்ணளவாக ஒரு ஜிபி குடிக்கும். குரலும் நீங்கள் பகிர்கிற திரையும் மட்டும் என்றால் நூறு எம்பிக்குள் அடக்கலாம். மாதக் கடைசியில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை வகுப்பிலிருந்து நிற்கும் என்பதை இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. ஸ்ரான்போர்டைச் சேர்ந்த ஜெரமி பெய்லன்சன் 2021இல் சூம் களைப்பைப் பற்றி எழுதியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, தன் முகத்தைத் தானே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது. பதின்ம வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பாரம் என்று யோசியுங்கள்.

முகம் வேண்டும் என்றால் முதல் இரண்டு நிமிசம், "விருப்பமான ஆக்கள் கமெராவப் போட்டு ஒருக்காக் கையக் காட்டுங்கோ" என்று கேட்கலாம். சிலர் வருவார்கள். அதற்கு மேல் தேவையில்லை. கமெராவை நாங்கள் கேட்பது பிள்ளை இருக்கிறதா என்று அறியத்தான். அதை ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கால் வருகிற இலக்கம் இன்னும் நன்றாகச் சொல்லும். இங்கிருந்து ரொறன்ரோப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற ஒரு சிநேகிதி இருக்கிறா. அங்கே கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் என்பதால் அவவுக்குப் பின்னேரம், பிள்ளைகளுக்குக் காலமை. நல்ல இணைப்பு, எல்லோருக்கும் மடிக்கணினி, கமெராவும் போட்டிருக்கும். ஆனாலும் "விளங்குதா?" என்றால் அதே அமைதி, இந்த முறை முகத்தோடு.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூமின் இலவசக் கணக்கில் நாற்பது நிமிசத்தில் கூட்டம் அறுந்துவிடும், கூகுள் மீற் என்றால் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணித்தியாலம். பலர் இதைத் தொல்லையாகப் பார்க்கிறார்கள். எனக்கு நாற்பது நிமிசம் பிடிக்கும். இரவு ஏழு மணிக்கு வருகிற பிள்ளை காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூட்டரி, அதற்குப் பிறகு சைக்கிளில் வீடு என்று முடிந்து வந்திருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் இரண்டு மணித்தியாலம் கேட்பது நியாயம் இல்லை. நாற்பது நிமிசம், பத்து நிமிச இடைவேளை, எழும்பி நடந்து தண்ணீர் குடித்துவிட்டு வா, தேவையென்றால் இன்னுமொரு முப்பது நிமிசம் கடந்தகால வினாத்தாள். இரண்டாம் பகுதிக்கு வருவது பிள்ளையின் விருப்பம் என்று விட்டுப் பாருங்கள், வருகிறவர்கள் வேலை செய்யத்தான் வருவார்கள்.

முதல் ஐந்து நிமிசத்தைப் பிந்தி வருகிறவர்களுக்காக வீணாக்காதீர்கள். "இன்னும் ஆக்கள் வரட்டும்" என்று பொறுத்தால் அடுத்த நாள் எல்லோருமே பிந்துவார்கள். வகுப்பு திறக்கும்போதே திரையில் போன பாடத்திலிருந்து மூன்று கேள்வி நிற்கட்டும். கொப்பியைப் பார்க்காமல் எழுத வேண்டும். திரும்ப வாசிப்பதை விட ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதுவதுதான் நாள்பட நிற்கும் என்பதை ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் பரிசோதனை செய்து காட்டினார்கள். ஐந்து நிமிசத்துக்குப் பிந்தி வருகிற பிள்ளை எதையும் இழக்கவில்லை, நேரத்துக்கு வந்த பிள்ளையும் வெறுமனே இருக்கவில்லை.

சின்னக் குழுக்களாகப் பிரிக்கிற வசதி இலவசக் கணக்கிலும் உண்டு. பயன்படுத்துங்கள், ஆனால் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், நாலு நிமிசத்துக்கு மேலும் வேண்டாம். "கலந்துரையாடுங்கோ" என்று அனுப்பினால் மூன்று பேரும் ஊமையாக இருந்துவிட்டு வருவார்கள். ஒரு கேள்வி, ஒரு விடை, வந்து சொல்லப்போகிறவர் யார் என்பதும் முதலே தீர்மானம்: "பேரின்ர முதல் எழுத்து அகரவரிசையில முன்னுக்கு வாற ஆள்" என்றால் சண்டையும் இல்லை, ஒளிப்பும் இல்லை. ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் கலந்து போட்டால் முதல் மாதம் ஒருவரும் கதைக்கமாட்டார்கள். அது நவீனமா பழமையா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. உங்கள் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும்.

கரண்ட் போகிறதுக்கும் ஒரு ஒழுங்கு வைத்திருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, கரண்ட் எப்போது போகும் என்று பார்த்துத்தான் வகுப்பு நேரமே போட்டோம். இப்போது அப்படி இல்லாவிட்டாலும் மழைகாலத்தில் ஒரு மணித்தியாலம் போகத்தான் செய்யும், கரண்ட் போனால் பல வீடுகளில் வை-பையும் போகும். அன்றைய வகுப்பின் கேள்விகளை ஒரே ஒரு பக்கமாக, வகுப்புக்கு முன்னமே வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். பாதியில் அறுந்த பிள்ளை அந்தப் பக்கத்தை வைத்துத் தானாகத் தொடரும், இணைப்பு வந்ததும் எத்தனையாம் கேள்வியில் வகுப்பு நிற்கிறது என்று பார்த்துச் சேர்ந்துகொள்ளும். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குள் நீங்கள் கத்துவதை விட அந்தப் பக்கம் மேல்.

கடைசியாகப் பதிவு. போடுங்கள், ஆனால் முழு வகுப்பையும் போடாதீர்கள். முழுதையும் போட்டால் "பிறகு பாப்பம்" என்று ஒரு கூட்டம் வராமல் விடும், அந்தப் பிறகு வரவே வராது. அதோடு பிள்ளைகளின் குரல்களும் பேர்களும் அதில் இருக்கின்றன, குழுவுக்கு வெளியே போய்விட்டால் திருப்பி எடுக்க ஏலாது. வகுப்பு முடிந்தபிறகு நீங்கள் மட்டும் இருந்து, அன்றைய பாடத்தின் முக்கியமான விளக்கத்தை ஆறேழு நிமிசத்தில் தனியாகச் சொல்லி, தாளில் எழுதுகிற கையைப் படமெடுத்துப் போடுங்கள். வர ஏலாமல் போன பிள்ளைக்கு அது காணும், டேட்டாவும் குறைவு. அதன் கீழே கேள்விப் பக்கத்தையும் போட்டு, அடுத்த வகுப்புக்கு முன்னம் மூன்றாம் கேள்வியின் விடையை மட்டும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய பிள்ளைக்கு வரவு போடலாம்.

இதையெல்லாம் ஒரே கிழமையில் தொடங்க வேண்டாம் ரீச்சர். வருகிற வகுப்புக்குச் சற்றை உங்களுக்கு மட்டும் என்று மாற்றி, நாலு விடைக் கேள்வி ஆறு தயார்செய்து கொண்டு போங்கள். கேள்வி போடத்தான் நேரம் எடுக்கும். பிழையான விடைகளை யோசிப்பதுதான் கஷ்டம். அதற்குப் பிள்ளைகளின் பழைய கொப்பிகளைப் புரட்டுங்கள், அவர்கள் விட்ட பிழைகளே நல்ல விடைகளாக அமையும்.